நலங்குப் புடவை வைத்துத் தைத்த கோட்டு

மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் மாலை. மராட்டிய நாட்டு நிக்டியில், எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே என் கணவர், சாத்துப்படிக்குக் காத்திருக்கும் உற்சவர் போல அசையாமல் நின்றிருந்தார். அன்றுதான் தைத்து முடித்த கம்பளிக் கோட்டை அவர் தோளில் ஏற்றினேன். கைகள் உள்ளே போயின. அகலமான முன்துண்டை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, விலாப்பக்கத்து நாடாவோடு சேர்த்து முடிந்துவிட்டுச் சற்றுப் பின்வாங்கி நின்று பார்த்தேன்.

சோபாவின் கைப்பிடியில் அமர்ந்திருந்த கீழ்வீட்டுச் சுனந்தா மராத்தியில் மெச்சினாள். அந்தக் கோட்டில் அவளுக்கும் பாதி உரிமை உண்டு.

அவர் தலையைக் குனிந்து தம் மார்பைப் பார்த்துக்கொண்டார். கோட்டின் விளிம்பு போன வழியே விரலை ஓட்டினார். வலத் தோளில் தொடங்கிய விரல் இடப்பக்கத்து இடுப்பில் வந்து நின்றது. மறுபடியும் மேலே போய், மறுபடியும் கீழே வந்தது.

“பத்மா, இன்னிக்கு அகத்துல யாருக்குத் திதி?” என்றார்.

என் கை வாயைப் பொத்திக்கொண்டது. சுனந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விவரம் அறியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பூணூலும் மேல்வேஷ்டியும் இடத் தோளிலிருந்து வலப்பக்கமாக இறங்குவதே வழிபாட்டுக்கும் சுபகாரியங்களுக்கும் உரிய முறை. அவை வலத் தோளுக்கு மாறுவது பித்ருக்களுக்குச் செய்யும் வேளையில் மட்டும். விடிந்தால் மார்கழி. பெருமாள் பெயரைப் பாடிக்கொண்டு வீதிக்குப் போக வேண்டியவரை, திவசத்துக்கு உட்காரவைப்பது போல உடுத்திவிட்டிருந்தேன்.

முன்துண்டை மாற்றி மடித்துக் கட்டினால் போயிற்று என்று தோன்றும். அது ஏன் ஆகவில்லை என்பதற்குக் கோட்டின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும்.

மருத்துவர் விதித்ததும் அவர் விதித்ததும்

அந்த ஆண்டு மழை ஓய்ந்த கையோடு அவருக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது பாதி உடம்புதான் திரும்பியது. குளிர்காலம் முடியும்வரை மார்பில் பனிக்காற்று படவே கூடாது, விடியலில் வெளியே போவதானால் கனமாகப் போர்த்திக்கொண்டுதான் போக வேண்டும் என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

நாங்கள் இந்தக் காலனிக்குக் குடிவந்த நாள்தொட்டு மார்கழி விடியற்காலை வீதி பஜனைக்கு அவர்தான் முன்னால் நடப்பார். ஒவ்வொரு பாசுரத்துக்கும் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார். பின்னால் வருகிற நாங்கள் வாங்கிப் பாடுவோம். மற்றவர்கள் ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாக வர, அவர் மட்டும் பன்னிரு திருமண் துலங்கும் திறந்த மார்பில் ஒற்றை மேல்வேஷ்டியோடு நடப்பார். பிறரை ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. தமக்கு அதுதான் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

படுக்கையில் கிடந்த நாட்களில் அவர் மருந்தைப் பற்றியோ கஞ்சியைப் பற்றியோ கேட்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியை மட்டும் பார்த்தார். இந்த மார்கழியை விட்டுவிட்டால் அவர் திரும்ப எழுந்து நடக்கமாட்டார் என்று எனக்குள் ஏதோ அறுதியிட்டுச் சொல்லிற்று. உடம்பு தேறிவிடும்; எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே.

வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளை, பனிப்பிரதேசத்துக்காரர்கள் போடும் கோட்டு ஒன்றை அனுப்பிவைப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். உள்ளே வாத்து இறகு அடைத்திருக்கும், எடையே தெரியாது என்றான். இவர் அதைக் கேட்டுவிட்டு, “வாத்தைத் தோள்ல சுமந்துண்டு நாராயணா நாராயணான்னு போகச் சொல்றானா?” என்றார். படுத்த பிறகு அவர் செய்த முதல் பரிகாசம் அது. எனக்கு அழுகை வந்தது.

பிறகு மெல்ல மெல்லப் பேச்சுவார்த்தை நடந்தது. தலைவழியாக மாட்டுவது கூடாது. பொத்தான் கூடாது. மேல்வேஷ்டி போலக் குறுக்கே வந்து விழ வேண்டும். நாடாவால் முடிய வேண்டும். வெளியே கம்பளி இருக்கலாம், ஆனால் உள்ளே பட்டுதான் இருக்க வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் எப்போதும் மடி என்னும் சுத்தம் உண்டு, பருத்தியை அன்றன்று நனைத்து உலர்த்தினால்தான் மடி என்பது எங்கள் வீட்டு ஆசாரம். தினமும் நனைக்க முடியாத கோட்டுக்குப் பருத்தி லைனிங் ஆகாது. இத்தனைக்கும் உட்பட்டால் போட்டுக்கொள்வேன் என்றார்.

கடைத்தெருவிலிருந்த தையற்காரரிடம் கேட்டேன். பொத்தானும் காலரும் இல்லாதது எப்படிக் கோட்டாகும் என்று அவர் ஹிந்தியில் கேட்டார். எதற்கும் ஒரு போட்டோ கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். போட்டோவுக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்கு வந்து தையல் மிஷின் மேலிருந்த துணிக்குவியலை எடுத்துக் கீழே வைத்தேன்.

நலங்கில் பாடாத பெண்

கம்பளி வீட்டிலேயே இருந்தது. அவர் ஓய்வு பெற்ற நாளில் அலுவலக நண்பர்கள் சூட் தைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த சாம்பல் நிறத் துணி, அந்துருண்டை வாசனையோடு பெட்டியின் அடியில் கிடந்தது. சூட் தைத்துக்கொள்கிற மனிதரா அவர்?

பட்டுக்காகப் பீரோவைத் திறந்தேன். கூறையை வெட்ட மனம் துணியவில்லை. அதன்கீழே நலங்குப் புடவை இருந்தது. நல்ல கிளிப்பச்சை, அரக்குக் கரை. மடிப்புகளில் இற்றுப்போய், எடுத்துக் கட்டினால் தாங்காது என்ற நிலையில் இருந்தது. விரித்தபோது பழைய ஜரிகையின் வாடையும், எப்போதோ கொட்டிய சந்தனத்தின் கறையும் சேர்ந்து வந்தன.

நலங்கு என்றால் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டி, அப்பளம் உடைத்து விளையாடும் சடங்கு. பெண் பாட்டுப் பாடித்தான் மாப்பிள்ளையை நலங்குக்கு அழைக்க வேண்டும். கும்பகோணத்துச் சத்திரத்தில் இரண்டு வீட்டாரும் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அந்தக் கிளிப்பச்சைப் புடவையில் நான் தலைகுனிந்து இருந்தேன். பாசுரங்கள் எல்லாம் எனக்குப் பாடம். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவருடைய அத்தை ஒருவர், “பொண்ணுக்கு வாய் இருக்கா, மையால வரைஞ்சு விட்டிருக்காளா?” என்று கேட்டார். கூடம் முழுவதும் சிரித்தது.

அப்போது எதிரே இருந்தவர் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், பாசுரம் ஒன்றின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. சற்று உரக்க மறுபடியும் எடுத்தார். பெண்கள் கூட்டம் வாங்கிப் பாடிற்று, நலங்கு நடந்தது. மாப்பிள்ளையே பாடித் தன்னை அழைத்துக்கொண்ட கல்யாணம் என்று உறவில் வெகுகாலம் எங்களுக்குப் பெயர்.

அன்று தொட்டு முதல் அடி அவருடையது. நான் வாங்கிப் பாடுகிறவள். வீதி பஜனையிலும் பெண்களின் கடைசி வரிசையில் சுவரோரமாக நடப்பேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

புடவையில் கத்தரிக்கோலை வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றுக்குள் ஒன்று

லைனிங் வைத்த கோட்டு என்பது உண்மையில் இரண்டு கோட்டு. கம்பளியில் ஒன்று, பட்டில் ஒன்று என்று முழுதாகத் தைத்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றைக் குடியமர்த்த வேண்டும். நான் அதுவரை தைத்ததெல்லாம் ரவிக்கையும் பாவாடையும்தான். சுனந்தாவோ பழம்புடவைகளை அடுக்கிக் கோதடி தைப்பதில் தேர்ந்தவள். மராட்டியர் வீடுகளில் குளிருக்குப் போர்த்துகிற கனத்த மெத்தைப் போர்வை அது. பட்டுக்கு அடியில் மெல்லிய கம்பளித் துண்டு ஒன்றைப் பரப்பி, அவள் கையாலேயே நெடுக ஓட்டுத் தையல் போட்டுத் தந்தாள். இற்ற பட்டு அதனால்தான் நின்றது.

சாம்பல் கம்பளி போதவில்லை. இரண்டு முன்துண்டுகளையும் அகலமாக வெட்ட முடியாது என்று தெரிந்தது. மேலே வருவதை மட்டும் மார்பு முழுதும் மூடும்படி அகலமாகவும், அடியில் போவதைக் குறுகலாகவும் வெட்டினேன். மாற்றி மடித்துக் கட்ட முடியாமற் போனது இதனால்தான். குறுகிய துண்டு பாதி மார்புக்குக்கூட எட்டாது.

தைக்கும்போது நான் பாசுரம் சொல்லிக்கொண்டேதான் மிஷினை மிதிப்பேன். சீருக்கு ஒரு மிதி. அடி முடிகிற இடத்தில் சக்கரமும் நிற்கும். மராத்தி தவிர வேறு அறியாத சுனந்தா இதைக் கவனித்துவிட்டாள். முதுகுத் தையலுக்கு வந்தபோது, “வஹினி, இது நீளத் தையல். பாட்டும் நீளமானதா எடுங்க” என்றாள். வஹினி என்றால் அண்ணி. உள்ளே படுத்திருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார்; சிரிப்பு இருமலாயிற்று; இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார்.

இரண்டு கோட்டுகளையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கவைத்து, விளிம்பு சுற்றித் தைத்து, அடியில் கை நுழையுமளவு திறப்பு விட்டேன். அந்தத் திறப்பு வழியாக முழுக் கோட்டையும் வெளியே இழுக்க வேண்டும். பசு கன்று ஈனுவதைப் பார்ப்பது போலிருந்தது. முதலில் ஒரு கை வந்தது, பிறகு தோள், பிறகு எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது. வெளியே சாம்பல், உள்ளே கிளிப்பச்சை. தொடங்கின இடமே முடிந்த இடமாக, அந்தாதி போலத் தையல் கூடியிருந்தது.

அவரை எழுப்பி நிறுத்தி அளவு பார்க்க மனமில்லை. அவருடைய பழைய சட்டையை வைத்து வெட்டினேன். போட்டுப் பார்த்ததெல்லாம் என் உடம்பில். புடவைக்கு மேலே அணிந்துகொண்டு நான் நிற்க, சுனந்தா சுற்றி வந்து மடிப்புப் பார்ப்பாள். இருவர் கண்ணுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? வாழ்நாளெல்லாம் ரவிக்கை தைத்த கை. ரவிக்கையில் வலப்பக்கம்தான் மேலே வரும்; ஆண்களின் சட்டையிலோ இடப்பக்கம் மேலே. பழக்கம் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு தன் வழியே போய்விட்டது. அணிந்து பார்த்தவளும் பெண், சரிபார்த்தவளும் பெண்.

பிரிக்கப் போன இடத்தில்

திதி யாருக்கு என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “நன்னாத்தான் தைச்சிருக்கே. வெதுவெதுன்னு இருக்கு. பரவாயில்லை, இந்த வருஷம் நான் பால்கனியிலிருந்தே கேட்டுக்கறேன்” என்றார்.

அந்தப் ‘பரவாயில்லை’தான் என்னைக் கலக்கியது. நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்த மனிதர் மறுபடி படுக்கப் போகிறார்.

சுனந்தாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடவுள் தையலையா பார்க்கப் போகிறார் என்றாள். அவர் சிரித்தாரே தவிர அசையவில்லை. கம்பளி மிச்சமில்லை, வேறு வாங்கித் தைக்கப் பொழுதுமில்லை. இருந்தும் சும்மா இருக்க முடியாமல், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கோட்டை வாங்கினேன். லைனிங்கைப் பிரித்து அந்த அகலத் துண்டை எப்படியாவது இடம் மாற்றித் தைத்துவிடுவதாக எண்ணம். அது நடவாது என்று எனக்கே தெரியும்.

உள்தையலைப் பிரிக்க வேண்டுமானால் கோட்டை உட்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும். கைகளை உள்ளேயிருந்து இழுத்தேன். கம்பளி மறைந்து கிளிப்பச்சை முழுவதும் வெளியே வந்தது. மேஜைமேல் விரித்து முதல் தையலில் கத்தரி முனையை வைத்தேன்.

“இரு, இரு. அதை அப்படியே வை” என்றார்.

நிமிர்ந்தேன். அவர் எழுந்து மேஜையருகே வந்து நின்றிருந்தார். திருப்பிப்போட்ட கோட்டில் அகலத் துண்டு வலத்திலிருந்து இடத்துக்கு வந்துவிட்டது. இடத் தோளில் தொடங்கி வலப்பக்க இடுப்புக்கு, மேல்வேஷ்டி விழுகிற அதே வழியில் அரக்குக் கரை ஓடிற்று. நாடாக்கள் மட்டும் உட்பக்கம் போயிருந்தன. அவற்றைப் பிரித்து வெளியே தைத்தால் போதும்.

“ஏன்னா, இது என் நலங்குப் புடவைன்னா. வெளியே தெரிய இதைப் போட்டுண்டு வீதியில போவேளா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே. சத்திரத்துல சிரிக்காததா?” என்றார். பிறகு கரையைத் தடவிக்கொண்டே, “இத்தனை வருஷமா கடைசி வரிசையிலயே நடந்துட்டே. இந்த வருஷம் முன்னாடி வா” என்றார்.

சுனந்தா, அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் மராத்தியில் சொல்லத் தொடங்கி, பாதியில் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டேன்.

முன்னால் போன பச்சை

மறுநாள் விடியற்காலை. தெருவிளக்குகளைச் சுற்றிப் பனி மஞ்சளாகச் சுழன்றது. மூலைக் கடையில் யாரோ டயர்த் துண்டைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். வாசலில் கூடியிருந்த எங்கள் கூட்டம், படியிறங்கி வந்தவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திற்று. பன்னிரண்டில் நெற்றித் திருமண் மட்டுமே வெளியே தெரிய, மீதி உடம்பு முழுதும் கிளிப்பச்சை.

முதலில் சிரித்தவர் மிருதங்கக்காரர். “மாமா, நாச்சியார் கையிலேருந்த கிளி பறந்து வந்துடுத்து போலிருக்கே” என்றார். இவர், “ஆமாம், சொன்னதைச் சொல்றதுக்குத்தான் வந்திருக்கு” என்றார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. ஜாலராவைக் கையில் வாங்கிக்கொண்டு மூச்சை ஒருமுறை நிதானித்தார். முதல் அடி எழுந்தது. குரல் மெலிந்திருந்தது, இடையில் ஓரிடத்தில் நின்றும் விட்டது. நாங்கள் காத்திருந்தோம். அடியை முடித்துக் கொடுத்தார்.

முதல் ஷிப்டுக்குத் தளேகாவ், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் நெடுஞ்சாலையோரம் நின்றிருந்தன. மஃப்ளர் சுற்றிய முகங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தன. ஒருவர் கண்ணாடிக்குப் பின்னாலேயே கைகூப்பினார். பட்டுக் கோட்டைக் கண்டு ஏதோ மடத்துப் பெரியவர் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் கடைசி வரிசையில்தான் நடந்தேன். ஆனால் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும்போதெல்லாம், எல்லோருக்கும் முன்னால் என் புடவை போய்க்கொண்டிருந்தது.

அந்த மார்கழி முழுவதும் அவர் நடந்தார். அதற்கு அடுத்ததும், அதற்கு அடுத்ததும் நடந்தார். கோட்டின் பச்சை, முழங்கைகளில் வெளுத்தது. பிறகு ஒரு மாசி மாதத்தில், படுக்கையில் அதிகம் கிடக்காமல், பெருமாள் திருவடி சேர்ந்தார்.

நாடா

அவரில்லாத முதல் மார்கழியில் நான் வாசலுக்கு வரவில்லை. இரண்டாவது மார்கழிக்குச் சில நாள் இருக்கையில், பஜனைக் குழுவின் பொறுப்பை ஏற்றிருக்கும் கார்த்திக் வந்தான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

“மாமி, போன வருஷம் ஃபர்ஸ்ட் லைன் எடுக்க ஆளே இல்ல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டு நின்னோம். அதனால இந்தத் தடவை ஸ்பீக்கர்ல ரெகார்டிங் போட்டுண்டு பின்னாடி நடந்துடலாம்னு இருக்கோம். உங்களுக்கு ஓகேவா?” என்றான்.

காப்பி கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மாலை பீரோவிலிருந்து கோட்டை எடுத்தேன். உட்புறம் வெளியே வரத் திருப்பிக் கம்பளியை மேலே கொண்டுவந்தேன். தோளில் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் மேலாக, ரவிக்கை போல, பெண்ணுக்கு உரியபடி விழுந்தது. நாடாக்கள் மட்டும் பட்டுப் பக்கம் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து, பழைய தையல் தழும்பு தெரிந்த அதே இடத்தில், கம்பளிப் பக்கம் வைத்துத் தைத்தேன். பிறகு கார்த்திக்கைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கர் வேண்டாம் என்றேன்.

மார்கழி முதல் நாள். நீராடித் திருமண் இட்டுக்கொண்டு கோட்டை அணிந்தேன். பட்டு முதலில் சில்லென்று இருந்தது. படியிறங்கி முடிவதற்குள் சூடாயிற்று. வாசலில் கூட்டம் கூடியிருந்தது. நான் வழக்கப்படி சுவரோரம் போவேன் என்று பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவர்களைக் கடந்து போய் முன்னால் நின்றேன்.

கீழ்வீட்டு வாசலில் ஷாலைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்த சுனந்தா, சாம்பல் நிறக் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“வஹினி, கிளி எங்கே?” என்றாள்.

கார்த்திக் ஜாலராவைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். சத்திரத்துக் கூடத்தில் எனக்காக ஒருவர் இருமுறை எடுத்துக் கொடுத்த அடி நினைவுக்கு வந்தது. அதையே எடுத்தேன்.